ஐம்பதுக்குப் பதினொன்று

ஜூன் 9, திங்கள்

தினமும் ஆங்கிலத்தில் ஐந்து வரி நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். ஜெபமலர் மிஸ் சொல்லிவிட்டாள். எழுதினேன், ஒரு மணி நேரம் ஆனது. ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். இட்லி சாப்பிட்டேன். வகுப்புக்குப் போனேன். நான் நலமாக இருக்கிறேன்.

படித்துப் பார்த்தால் யாரோ ஒரு நிம்மதியான பெண்ணின் நாள் மாதிரி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கஷ்டப்படுவதற்கு வழியில்லை. மிச்சத்தை இந்த நோட்டில் தமிழில் எழுதிக்கொள்கிறேன். இதை மிஸ்ஸிடம் காட்ட வேண்டியதில்லை.

வகுப்பு கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கிறது. பதினான்கு பேர், பெரும்பாலும் நர்சிங் முடித்த பெண்கள். மிஸ்ஸுக்கே இருபத்து நாலு வயதுதான். எனக்கு நாற்பத்து மூன்று. அவள் என்னை அக்கா என்கிறாள், நான் அவளை மிஸ் என்கிறேன். தாவரவியல் பட்டம், தமிழ் வழி என்றேன். ஆறு வருடம் அமெரிக்காவில் இருந்தேன் என்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஏன் இங்கே வந்து படிக்கிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். விசா நேர்காணலுக்கு என்றேன்.

அது உண்மைதான். டிசம்பரில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மூன்று பேருமாக வந்தோம். பள்ளிக்கூடம் திறக்கிறது என்று ஜனவரி நான்காம் தேதி அவரும் மகள் சஹானாவும் ஓஹாயோவுக்குத் திரும்பிவிட்டார்கள். என் விசாவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, நான் அண்ணன் வீட்டில் தங்கினேன். ஒரு மாதத்து வேலை என்றார். இப்போது ஐந்து மாதம் ஆகிவிட்டது.

"இந்த இங்கிலீஷ வச்சுக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போனா ரிஜெக்ட்தான், வல்லி. நல்லா படி, அப்புறம் நான் அப்ளை பண்றேன்" என்று குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். நாலைந்து முறை. அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஜூன் 11, புதன்

மிஸ் நுழைவுத் தேர்வு மாதிரி ஒன்று வைத்தாள். ஒரு பத்தியைப் படித்துப் பதில் எழுத வேண்டும். ஐம்பதுக்குப் பதினொன்று. சிவப்பு மையில் தேதி போட்டு, மதிப்பெண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டாக மடித்துக் குப்பையில் போட்டேன்.

மதினி அதை எடுத்துவிட்டாள். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் தாளை அவள் தூக்கிப் போடவே மாட்டாள். அடுப்படியில் ஒரு கம்பி தொங்குகிறது. கரண்ட் ரசீது, கல்யாணப் பத்திரிகைக் கவர் எல்லாவற்றையும் அதில் குத்தி வைத்து, பின்பக்கத்தில் சாமான் சீட்டு எழுதுவாள். அந்தக் கம்பியில் இப்போது என் பதினொன்றும் தொங்குகிறது. காற்றடித்தால் திரும்பிக்கொண்டு என்னைப் பார்க்கிறது.

"தாளு நல்லா கனமா இருக்கு. மார்க்குதான் எடையில்ல" என்றாள். அண்ணன் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை என்ன சொல்லுதாரு என்று மட்டும் கேட்டான். அப்ளை பண்ணப் போகிறார் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வீடியோ. அங்கே காலை எட்டரை. சஹானா சீரியல் சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். பத்து நிமிடத்தில் மூன்று வார்த்தை தமிழ் வந்தது. அம்மா, சரி, போரடிக்குது.

அவள் மூன்று வயதில் அங்கே போனவள். நாலு வயதிலிருந்து அவள்தான் என் வாய். கடையில், பார்க்கில், பக்கத்து வீட்டில் நான் அவள் காதில் சொல்வேன், அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொல்வாள். அவளோ அவரோ இல்லாத இடத்தில் யார் என்ன கேட்டாலும் எஸ் என்பேன். பில் போடுகிற பெண் கேட்டால் எஸ். டாக்டர் கேட்டால் எஸ். சிரித்துக்கொண்டே சொன்னால் எஸ் என்பது எல்லாக் கேள்விக்கும் பொருந்திவிடும். அப்படித்தான் ஒரு தடவை நான் கேட்காத நாய்ப் பிஸ்கட் ஐந்து பாக்கெட் வீட்டுக்கு வந்தது. எங்களிடம் நாய் கிடையாது. சஹானா அன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 20, வெள்ளி

மாவு ஆட்டினேன். முப்பது வினைச்சொல் மனப்பாடம். இங்கே வெயில்.

ஜூலை 2, புதன்

மிஸ் இன்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ கேட்டாள், நான் எஸ் மிஸ் என்றேன். என்ன கேட்டேன், சொல்லுங்கக்கா என்றாள். எனக்குத் தெரியவில்லை. வகுப்பு சிரித்தது.

"புரியலன்னா எஸ் சொல்லாதீங்கக்கா. 'சே இட் அகைன்'னு கேளுங்க. பத்து தடவ வேணும்னாலும் கேளுங்க. வெக்கப்பட்டு எஸ் சொல்லிட்டு வந்துட்டா, எதுக்கு எஸ் சொன்னோம்னே தெரியாம போயிரும்."

என்னை எழுந்து நிற்க வைத்து அந்த மூன்று வார்த்தையைச் சொல்லச் சொன்னாள். ஒருவரிடம் இரண்டாவது தடவை கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த இருபத்து நாலு வயதுக்குத் தெரியாது.

இன்னொன்று. முதல் நாள் திரும்பிப் பார்த்துக் கேட்டாளே, அந்தப் பெண் இன்று சொன்னாள், அவளுடைய சித்தி சென்னையில் விசா நேர்காணலுக்குப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தமிழிலேயே கேட்டார்களாம். ஆங்கிலமே வேண்டாமாம். அந்தச் சித்திக்கு வேறு வகை விசாவாக இருக்கும்.

அவரிடம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. கிளம்பும் அவசரத்தில் பைல் மாறிப் போய்விட்டது. அதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாயிற்று. மூன்றாவது தடவை கேட்டால் கோபப்படுவார். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று அவரும் சஹானாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக உட்கார மாட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சஹானா நீளமாக ஒரு கேள்வி கேட்டாள். வேகமாக. இண்டியா என்பது மட்டும் பிடிபட்டது. மிஸ் சொன்ன மூன்று வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகப் படித்து இதுகூடப் புரியவில்லையா என்று நினைப்பாரே என்று தோன்றியது. சிரித்துக்கொண்டு எஸ், எஸ், வெரி குட் என்றேன்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. ஓகே என்றாள். பிறகு படம் நின்றுவிட்டது. நெட் பிரச்சினை.

ஜூலை 20, ஞாயிறு

அழைப்பு வரவில்லை. கோடை முகாம் என்று அவர் செய்தி. ஆறிலிருந்து எட்டு வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி எனக்குச் சேர்த்துத் தோசை ஊற்றி மூடி வைத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் இப்போதெல்லாம் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதில்லை.

ஜூலை 25, வெள்ளி

கூரியர் வந்துவிட்டது. ஓஹாயோவிலிருந்து ஒரு தடித்த கவர், பதினெட்டுப் பக்கம். விசா சம்பந்தமான பேப்பர், டிக் போட்டிருக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டு நாளைக்கே திருப்பி அனுப்பு என்று குரல் செய்தி.

பென்சில் டிக்கைப் பார்த்ததுமே அவரைப் பார்த்த மாதிரி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். பேங்க், வீட்டுக் கடன், சஹானாவின் பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் சின்னதாகப் பென்சிலில் டிக் போட்டு நீட்டுவார், நான் போடுவேன். வாசித்ததில்லை. வாசித்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும். அவரும் கையெழுத்து வாங்கிய பிறகு டிக்கை ரப்பரால் அழித்துவிடுவார், பேப்பர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். என் கையெழுத்து தமிழில்தான் இருக்கும். செண்பகவல்லி. கொம்பும் புள்ளியும் நன்றாக விழும்.

மதினி பால்பாயசம் வைத்தாள். "போற நாளு தெரிஞ்சா சொல்லு. முறுக்கு சுடணும்" என்றாள்.

மிஸ் இந்த வாரம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். வீட்டில் உள்ள ஏதாவது ஓர் ஆங்கிலத் தாளை எடுத்துத் தெரிந்த சொற்களுக்கு அடியில் கோடு போட வேண்டும். எல்லாரும் மருந்துச் சீட்டும் கியாஸ் புத்தகமும் கொண்டு வருவார்கள். நான் இதையே எடுத்துக்கொள்கிறேன். நாளை ஒரு நாள் வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டு, திங்களன்று அனுப்பலாம். இரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது.

ஜூலை 26, சனி

கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 28, திங்கள்

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் நான் வாசித்தது அதுதானா என்று எனக்குத் தெரியும்.

முதல் மூன்று பக்கத்தில் பெரிய பெரிய சொற்கள். அகராதியை வைத்துக்கொண்டும் நகரவில்லை. விசா என்ற சொல்லைத் தேடினேன், எங்கும் இல்லை. நாலாம் பக்கத்தில் குழந்தை, பள்ளி, வீடு, தாய் என்று தெரிந்த சொற்களாக வந்தன. உற்சாகமாகக் கோடு போட்டுக்கொண்டே போனேன். ஒரு வரி முழுவதும் கோடு விழுந்தது. அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் முதல் மாதத்துச் சொற்கள்.

தாய் தன் விருப்பத்தின் பேரில் இந்தியாவில் வசிக்கிறாள், திரும்பி வர அவளுக்கு ஆசை இல்லை.

அதற்கு அடுத்த வரி அகராதியோடு அரை மணி நேரம் பிடித்தது. ஜூலை பதின்மூன்றாம் தேதி, எங்களோடு இருப்பதைவிட உனக்கு இண்டியாதான் பிடித்திருக்கிறதா என்று குழந்தை கேட்டதற்கு, தாய் சிரித்துக்கொண்டே ஆம், ஆம், மிகவும் நல்லது என்று பதில் சொன்னாள்.

அதுதான் அவள் கேட்டது.

பதினாறாம் பக்கம் ஒரு பழைய தாளின் நகல். குழந்தை தகப்பனிடம் வளர நான் சம்மதிக்கிறேன் என்று இருக்கிறது. கீழே தேதி, போன டிசம்பர். அதற்குக் கீழே செண்பகவல்லி, கொம்பும் புள்ளியுமாக. ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், பெட்டியில் பட்டுப் புடவையை அடுக்கிக்கொண்டிருந்தேன். சஹானா ஸ்கூல் பேப்பர் என்றார். நின்றபடியே பெட்டி மூடியில் வைத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்த நகலில் டிக் இல்லை, அழித்திருக்கிறார்.

இப்போது வந்திருக்கிற தாள்களில் நான் போட வேண்டிய இடங்கள் ஏழு. விவாகரத்துக்குச் சம்மதம். குழந்தை அவரிடம். பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் ஆகஸ்ட் இருபத்தொன்று. பதில் சொல்லாவிட்டாலும் நான் இல்லாமலே முடித்துக்கொள்வார்களாம்.

இரண்டு நாளாகக் குளிக்கவில்லை. அழுகை வரவில்லை. அடுப்படியில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், எல்லாப் பாத்திரமும் நிரம்பிய பிறகும். மதினி குழாயை மூடினாள். பேப்பரை அண்ணனிடம் கொடுத்தேன். அவனுக்கும் ஆங்கிலம் ஓடாது. நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். வீட்டில் முதல் தடவையாக நான் ஒருவருக்கு மொழிபெயர்த்தேன். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனான், தெரு முனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் ஓகே என்றாளே. அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு ஓகே என்றது.

ஜூலை 30, புதன்

சந்திரமோகனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பதினோரு தடவை. பிறகு அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி. இன்னும் அனுப்பலையா, நீ லேட் பண்ணா விசா லேட்தான்.

அதே குரல். கொஞ்சம்கூட மாறவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வீட்டுப்பாடத் தாள் எங்கே என்று மிஸ் கேட்டாள். கொடுத்தேன். வாசித்தாள். மற்றவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு, ஸ்கூட்டியில் என்னை உட்கார வைத்து வக்கீல் ஷம்சாத் பானுவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

வக்கீலம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முழுக்க வாசித்தார். இடையில் ஒரு தடவைகூட என்னைப் பார்த்து ஐயோ என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் இலவசமாக வழக்கு நடத்தித் தரும் ஓர் அமைப்பு இருக்கிறது, அவர்களுக்கு எழுதலாம் என்றார். நான் ரப்பர் வாங்கி இந்த ஏழு டிக்கையும் அழித்துவிடவா என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், இனி இதைத் தொடாதீர்கள் என்றார்.

"டிசம்பர்ல போட்ட கையெழுத்துதாங்க இடைஞ்சல். நீங்க டிகிரி படிச்சவங்க. ஆறு வருஷம் அங்க இருந்துருக்கீங்க. வாசிச்சுத்தான் போட்டாங்கன்னு அவங்க சொல்வாங்க. வாசிக்கத் தெரியாதுன்னு எதை வச்சு நான் காட்ட?"

மிஸ்தான் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அந்த டெஸ்ட் பேப்பர் வச்சிருக்கீங்களா? என்கிட்ட ரிஜிஸ்டர்ல மார்க் மட்டும்தான் இருக்கு. நீங்க எழுதுன பதில் வேணும்."

வக்கீலம்மா நிமிர்ந்தார். ஆங்கிலம் போதாது, படித்தால்தான் அப்ளை செய்வேன் என்று அவன் அனுப்பிய குரல் செய்திகள் இருக்கின்றனவா என்றார். எல்லாம் இருக்கிறது என்றேன். அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று தோன்றும்போது போட்டுக் கேட்க வைத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வர ஆசை இல்லாதவளுக்கு எதற்கு அப்ளை, எதற்கு இங்கிலீஷ் என்றார் அவர்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். கம்பியில் கரண்ட் ரசீது இருந்தது, கவர்கள் இருந்தன. பதினொன்று இல்லை. ஒவ்வொன்றாக உருவிப் போட்டுத் தேடினேன். போன வாரம் மதினி அதில்தான் சாமான் சீட்டு எழுதிக் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சாமான் கட்டிவிட்டு ஆணியில் குத்துவார், சாயங்காலம் பெருக்கித் தள்ளுவார். அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. ஆறு நாளாக வராதது, ஒரு சாமான் சீட்டுக்காக.

மதினி வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். போய் அரிசி டிரம்மின் மூடியைத் தூக்கினாள். அதன் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவர் செருகியிருந்தது.

"சீட்டக் கடையில விட்டுட்டு வந்தா என்ன வெலைக்குப் போட்டான்னு எத வச்சுப் பாக்க? எல்லாச் சீட்டும் இதுலதான் கெடக்கு. இந்தா."

முன்பக்கம் ஐம்பதுக்குப் பதினொன்று, ஜூன் பதினொன்று, மிஸ்ஸின் கையெழுத்து. பின்பக்கம் துவரம்பருப்பு ஒரு கிலோ, கடுகு நூறு, சீரகம் நூறு.

"அன்னைக்கே சொன்னேன்ல, தாளு கனம்னு" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் உன்னைய ரொம்பப் பேசிட்டேன் வல்லி" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதில் போய்விட்டது. அங்கே ஒரு வக்கீல் எடுத்துக்கொண்டார். பருப்புச் சீட்டையும் இரண்டு பக்கமும் நகல் எடுத்து, தமிழை மொழிபெயர்த்து, சேர்த்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு இல்லை. ஐந்து வாரம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

வீடியோவில் கோர்ட். வக்கீலம்மாவின் அறையில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கொடுத்தார்கள். கேட்டால் கொடுப்பார்களாம். இவ்வளவு நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறது. அவர் என்னைத் தாங்கள் என்றார். தாங்கள் கூறுவது நீதிபதிக்கு விளங்கியது என்றார். முழுக்கத் தமிழில்தான் சொன்னேன். சட்டத்தில் ஒரு சொல்கூடத் தப்பக் கூடாது, உங்கள் இங்கிலீஷை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார்.

சந்திரமோகன் ஒரு கட்டத்தில் படுசுத்தமான ஆங்கிலத்தில் பேசினான். அதில் பாதிக்கு மேல் எனக்குப் புரிந்தது. அவனுக்கு அது தெரியாது.

தீர்ப்பு இன்னும் இல்லை. நவம்பரில் மறுபடியும். சஹானா அதுவரை அங்கேதான். ஆனால் என் பாஸ்போர்ட்டைப் பத்து நாளில் அனுப்ப வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை அவள் என்னோடு பேச வேண்டும், தனியாக, அவன் அந்த அறையில் இருக்கக் கூடாது.

நவம்பரில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கையெழுத்து என்னுடையதுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆறு மணி. மதினி டிவியை நிறுத்திவிட்டு அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

சஹானா தலைமுடியை வெட்டியிருக்கிறாள். தோள் வரைக்கும்தான் இருக்கிறது. ஹாய் என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜை மேல் எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தோளைக் குலுக்கினாள். பள்ளி எப்படி என்றேன். ஃபைன். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் நாலு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள், வேகமாக, வாய்க்குள்ளேயே. என் வாய் வழக்கம்போலச் சிரிக்கத் தொடங்கியது. நிறுத்தினேன்.

"சே இட் அகைன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் சொன்னாள். அம்மா, அங்கே என்ற இரண்டு சொல் கிடைத்தது. நடுவில் உள்ளது போய்விட்டது.

"சே இட் அகைன், கண்ணு. மெதுவா."

அவள் கண்ணை உருட்டினாள். நாய்ப் பிஸ்கட் வந்த அன்று உருட்டிய மாதிரியே. பிறகு போனைக் கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, கடையில் எனக்குச் சொல்லித் தருவாளே அப்படிச் சொன்னாள். அதே கேள்விதான். எங்களோடு இருப்பதைவிட உனக்கு அங்கேதான் பிடித்திருக்கிறதா.

"நோ" என்றேன்.

எனக்கு வேறு சொல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, தமிழிலும் வரவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு என்னிடம், "சே இட் அகைன்" என்றாள்.

சொன்னேன்.